பதுங்குகுழியில் பாடிய தேவாரம்

பிறர் கதைத்ததை எழுதலாமோ என்று பல வருடம் தயங்கினேன். யுத்த காலத்தில் உரும்பிராய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்:

“பங்கருக்குள்ளை இருந்த சனம் என்னை ஜெபிக்கச் சொல்லிக் கேட்டது. குண்டுச் சத்தத்திலை ஜெபமெல்லாம் மறந்து, பக்கத்து வீட்டுச் சைவக்கார மாமியோடை சேர்ந்து தேவாரம் பாடிப்போட்டன். நான் போதகராகலாமோ? போதகரா வரச்சொல்லிக் கேட்ட சபைக்கு இண்டைக்கு முடிவு சொல்லவேணும்.”

“உங்கடை குரலுக்கு மாமி எழும்பி ஓடேல்லையோ?”

“பகிடி விடாதை. என்ரை கையை இறுக்கிப் பிடிச்சிருந்தவ. பாட்டு முடிய அவவின்ரை நடுக்கம் நிண்டிட்டுது.”

“அப்ப உங்களைக் கூப்பிட்டவர் பக்கத்திலைதான் இருந்திருக்கிறார். நடுங்கிற ஆக்களிட்டைப் போறதுதானே ஊழியம்? ஜெபத்தைப் பிறகு பாடமாக்கலாம்.”

அவர் நின்றபடியே கண்ணை மூடினார். வரிசை நகர்ந்தது.

“அண்ணை, நித்திரையோ? நடவுங்கோ!” என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார்.

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். “ஓம், வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஆருக்கு? சபைக்கோ?”

“கூப்பிட்டவருக்கு.”

அன்று எனக்கு அரைப் போத்தல் எண்ணெய்தான் கிடைத்தது. ஆனாலும் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது, தேவாரத்தை ஜெபம் என்று மாற்றிவிடாமல், நான் கேட்டபடியே சொல்லுங்கள்.