கடப்பாக்கத்தில் ஒதுங்கிய வெள்ளிப் பென்சில்

திருகினால் லீடு வரும் பழைய பென்சிலை நான் எழுதிப் பார்த்து வாங்குவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். முதலில் கிளிப்பைப் பார்ப்பேன். பிறகு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் எனக்குப் 'பென்சில் சார்' என்றே பெயர்.

படூர் மோகனுக்கும் இதே பைத்தியம். அவரிடம் ஜெர்மனியில் செய்த வெள்ளிப் பென்சில் ஒன்று இருந்தது. அதன் கிளிப் உடைந்தபோது செங்கல்பட்டில் ஒரு பத்தரிடம் நான்தான் கூட்டிப்போய்ப் பொடி வைத்து ஊதி ஒட்ட வைத்தேன். ஊதிய இடம் கடுகளவு புடைத்திருக்கும். எத்தனையோ முறை விலைக்குக் கேட்டும் மோகன் அதைத் தரவில்லை.

ஆடி மாதம் வெளியே போன மோகன் வீடு திரும்பவில்லை. எங்கே போனார் என்று அவர் மனைவி யோகேஸ்வரிக்கே தெரியாது. அந்தம்மா படூர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார்.

அதே வாரம், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவரும் கடப்பாக்கத்து மீனவர் எழில் என்னைத் தேடி வந்தார். உங்களிடம் அவர் சொன்னதெல்லாம் உண்மைதான்.

"எங்க ஊரு கோட்டையாண்ட ஒரு பொணம் ஒதுங்கிச்சு சார். மூஞ்ச மீன் தின்னுடுச்சு. தூக்கசொல்ல இது ஜோப்புலேர்ந்து வுயுந்துச்சு. கடல்ல போனவன் பொருள வூட்ல வெச்சிகினா ஆவாது. யாருதுன்னு பாத்து அவுங்க வூட்டாண்ட சேத்துடுங்க. பாவம், தேடிகினு இருப்பாங்க."

கிளிப்பைத் தடவினேன். புடைப்பு விரலில் பட்டது.

"சாதாரணப் பென்சில்பா. ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்" என்றேன்.

"அப்ப இன்னா சார் பண்றது?"

"என்கிட்ட இருக்கட்டும். விசாரிக்கிறேன்."

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

உங்களிடம் கொடுத்திருந்தால் உறையில் போட்டு அரக்கு வைத்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் வெள்ளியைத் தின்றிருக்கும். நான் விபூதி போட்டுப் பொறுமையாகத் துலக்கினேன். ஒரு போன் செய்தால் போதும் என்று தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே தள்ளிப்போட்டேன். உரியவர் யாரும் வரவில்லை என்று பிணத்தைப் புதைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, சார். யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

போன மாதம் யோகேஸ்வரி என் வீட்டுக்கே வந்தார். நெற்றியில் குங்குமம். கையில் அந்தப் பென்சிலின் பழைய அட்டைப்பெட்டி.

"அண்ணா, அவரு எங்க போனாலும் வெள்ளிப் பென்சில் கூடவே இருக்கும். கைச்செலவுக்கு யார்கிட்டயாவது வித்திருந்தா, சுத்தி சுத்தி உங்ககிட்டதான் வரும். இந்தப் பொட்டிய வெச்சு அடையாளம் பாத்துச் சொல்லுங்க. எங்கியோ உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சா போதும்ண்ணா."

பென்சில் இருந்த மேஜை இழுப்பறை அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். தைரியமாக இருங்கம்மா, வந்துவிடுவார் என்றேன்.

பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். சொந்தப் பெட்டியோடு கிடைப்பது ரொம்ப அபூர்வம், சார். ஆனால் அந்தம்மா தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துதான் பென்சிலை அதற்குள் வைத்தேன். அந்த மரியாதையையாவது நான் விட்டுக்கொடுக்கவில்லை.