மதில்மேல் நான்கு நிமிடம்

இரவில் படமெடுக்க நல்ல முக்காலி வேண்டும், ஐயா. என்னுடையது பழசு. காற்றடித்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். இதை வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காமாகுவேயிலிருந்து பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஹவானாவுக்கு வந்தோம், நானும் என் தங்கை நெரெய்தாவின் கணவன் எவெலியோவும். எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் மூன்று வருடமாக எனக்கு ஆறுதல் பரிசுதான். மோரோ கோட்டைக் கலங்கரை விளக்கத்தை இரவில் எடுத்துவிட்டால் முதல் பரிசு நிச்சயம். ஃபிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் வழிநெடுக எவெலியோ நின்று சிரித்த படங்கள்.

கடற்கரைச் சாலையில் நல்ல காற்று; ஓர மதிலில் அலை மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. லென்ஸ் நனையாமலிருக்க அவனை மதில்மேல் ஏறி மழைக்கோட்டை விரித்துப் பிடிக்கச் சொன்னேன்.

"மச்சான், அந்த விளக்கு எங்கேயும் ஓடிப் போயிடாது. வாங்க, ஒரு ரம் போட்டுட்டு வருவோம்."

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க மாப்ள. நாலே நிமிஷம்."

ஷட்டரைத் திறந்தேன்; இருட்டில் நான்கு நிமிடம் அது திறந்தே இருந்தால்தான் படம் விழும். மூன்றாவது நிமிடம் முடியும்போது பாசி அவன் காலை வாரிவிட்டது. கடல் பக்கம் சரிந்து, மதில் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். கீழே பாறை.

"மச்சான், கையக் குடுங்க. வழுக்குது மச்சான்."

என் இரண்டு கையும் முக்காலியில் இருந்தன. விட்டால் படம் ஆடிவிடும். "கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாப்ள, இன்னும் ஒரு நிமிஷம்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் நெரெய்தாவைக் கூப்பிட்டான். ஊரில் இருப்பவளைக் கூப்பிட்டு என்ன பயன்? நான் அறுபதுவரை எண்ணினேன். வேகமாக எண்ணவில்லை, அது ஏமாற்று வேலை. ஐம்பத்திரண்டில் குரல் நின்றது. நல்லவேளை, அதன் பிறகு அலை தெறிக்கவில்லை. மீதியையும் எண்ணி, ஷட்டரை மூடி, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் எட்டிப் பார்த்தேன்.

அவனை அலை அடித்துக்கொண்டு போனதாக முதலில் உங்களிடம் சொன்னது தவறுதான். கண்காட்சி முடியும்வரை தொந்தரவு வேண்டாமென்று நினைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. கடல் பட்டு விரித்ததுபோல் இருப்பதாக நடுவர்கள் பாராட்டினார்கள். நெரெய்தா வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள்.

"அவரு உன்னக் கூப்பிடவே இல்லையா அண்ணே?"

கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. கை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான், நான் கொடுக்கவில்லை. ஆனால் இன்னும் எட்டே விநாடி. ஒரு மனிதனுக்கு அந்தப் பொறுமைகூட இல்லையென்றால் நான் என்ன செய்வது?