என் பட்டிங் திருந்திய விதம்

பந்தை ஓங்கி அடிப்பது யாருக்கும் வரும், ஐயா. மெல்லத் தட்டுவதுதான் கஷ்டம். நான் சொல்வது கணினியில், இணையத்தில் ஆடும் கோல்ஃப். நீங்கள் ஆடியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விளக்காவிட்டால் நான் ஏதோ கொடுமைக்காரன் என்று தோன்றிவிடும்.

தூரத்திலிருந்து அடித்துப் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு, வழவழப்பான புல்லில் அதை உருட்டிக் குழிக்குள் தள்ளவேண்டும். அதற்குப் பெயர் பட்டிங். மவுஸை நிதானமாகப் பின்னால் இழுக்கவேண்டும், சரியான நொடியில் முன்னால் தள்ளவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். நான் எதிலும் முந்திக்கொள்கிறவன். முகம் பார்க்காமல் மைக்கில் மட்டும் பேசிக்கொள்ளும் எங்கள் ஆட்டக் குழுவில் எனக்கு 'அவசரம்' என்றே பெயர். "அவசரம் வந்தாச்சுப்பா, இன்னிக்கு நாம ஜெயிச்ச மாதிரிதான்" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

பகலெல்லாம் நான் வீட்டில்தான். ஒரு கடைக்கு வரும் புகார்களுக்குக் கணினியில் பதில் எழுதுவது என் வேலை. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதிவிட்டு, அடுத்த புகார் வரும்வரை ஆடுவேன். அண்ணி பஸ் டெப்போ அலுவலகத்துக்குப் போய்விடுவார். முன்னறையில் நானும் அண்ணனும் மட்டும்.

அண்ணன் மர ஆலையில் ரம்பம் ஓட்டியவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவர்தான், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆலைத் தூசி நெஞ்சில் படிந்து நுரையீரல் கெட்டுப்போய், ஜன்னலோரக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டார். ஒரு சின்ன மெஷினில் மருந்தை ஊற்றி, அது புகையாக மாறி வருவதை முகமூடி வழியாக உள்ளே இழுத்தால்தான் மூச்சு வரும். மருந்து ஊற்றும் பொறுப்பு பகலில் எனக்கு, மற்ற நேரத்தில் அண்ணிக்கு.

நோயாளியோடு ஒரே அறையில் இருப்பது என்னவென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தலைமாட்டில் சளி துப்ப ஒரு குவளை. அதில் பச்சையும் மஞ்சளுமாக மிதக்கும். துப்பிய பிறகு ஒரு நூல் அவர் உதட்டிலிருந்து குவளைவரை தொங்கும், அறுந்துபோகாமல் ஆடும். அவர் அதை விரலால் வழித்துப் போர்வையில் தடவுவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். எல்லாவற்றையும்விட அந்த மூச்சுச் சத்தம். விசில் மாதிரி நீளமாக உள்ளே போகும், எதிலோ மாட்டியதுபோல் ஒரு கணம் நிற்கும், பிறகு ஈரமாகக் கொழகொழவென்று வெளியே வரும். அருவருப்பு ஒரு குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை மருந்து ஊற்றச் சற்றுத் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆட்டம் நடுவில் இருந்தது. அந்த விசில் நீண்டபோது என் கை தானாகவே அதோடு சேர்ந்து மவுஸை இழுத்தது. மூச்சு மாட்டி நின்ற கணத்தில் தள்ளியது. பந்து நூல் பிடித்ததுபோல் உருண்டு குழிக்குள் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மைக்கில் யாரோ, "யோவ் அவசரம், என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார்கள்.

அதற்கு முன் தாளக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறேன், வாய்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன், எதிலும் கை முந்திக்கொள்ளும். அண்ணனின் மூச்சில் மட்டும் முந்த முடியாது. அது தானாக வரும்வரை நாம் காத்திருக்கவேண்டும். பொறுமையை அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லலாம்.

சங்கடம் என்னவென்றால், மருந்து போனதும் மூச்சு சீராகிவிடும். சத்தமே கேட்காது. என் கை மறுபடியும் சொதப்பும். அதனால் மருந்து ஊற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட ஆரம்பித்தேன். இடையில் மருத்துவர் வேறு மருந்து எழுதினார், வீரியமானது. அண்ணன் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார், சத்தமாகச் சிரித்தார். அண்ணி சந்தோஷத்தில் சமையலறைக்குள் போய் அழுதார். அந்த வாரம் நான் வரிசையாகத் தோற்றேன். 'அவசரம் திரும்பிட்டாரு' என்று குழுவில் எழுதினார்கள்.

மருந்தோடு கலப்பதற்கு உப்புத்தண்ணீரும் தனியாகக் கொடுத்திருந்தார்கள். பகல் வேளையில் மருந்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, உப்புத்தண்ணீரை மட்டும் ஊற்றினேன். மெஷின் எப்போதும்போல் ஓடும், புகையும் வரும். சாயங்காலம் அண்ணி வந்து உண்மையான மருந்தை ஊற்றுவார், அண்ணன் தேறிவிடுவார். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் நீங்கள் என்னைக் குறைசொல்லலாம். "பகல்ல மட்டும் ஏந்தான் இவருக்கு இப்படி இழுக்குதோ. உங்களுக்குத்தான் எவ்வளவு தொல்லை, தம்பி" என்று அண்ணி என்னிடம் வருத்தப்படுவார். "பரவாயில்ல அண்ணி, எனக்குப் பழகிடுச்சு" என்பேன். அது பொய்யில்லை.

அண்ணிக்கு விடுமுறை என்றால் நாள் முழுக்க அவர் கையால்தான் மருந்து. அந்த நாட்களில் ஆடுவதற்காக அண்ணனின் மூச்சை ஃபோனில் பதிவுசெய்து வைத்தேன். தலையணைக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்ததும் அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எனக்கு நினைவு. பிறகு என் அறையில் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே ஆடுவேன்.

இறுதிப் போட்டி ஒரு மத்தியானம், அண்ணி வேலைக்குப் போயிருந்தார். குழுவில் இப்போது எனக்குப் பெயர் 'நிதானம்'. கடைசிக் குழி, பந்து பக்கத்தில் கிடந்தது. விசில் கிளம்பியது, நான் மவுஸை இழுத்தேன். மூச்சு மாட்டும் கணத்துக்காகக் காத்திருந்தேன். விசில் பாதியில் தேய்ந்து நின்றுவிட்டது. வேறு எதுவும் வரவில்லை. கை தடுமாறித் தள்ளிவிட்டது, பந்து குழியைத் தாண்டி ஓடியது. முதலில் வந்தது கோபம்தான், மறைக்க விரும்பவில்லை. அதுவரை ஒருநாளும் அவர் என்னைக் கைவிட்டதில்லை.

ஜெயித்தவருக்கு வாழ்த்துகள் என்று எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. தாடியில் சளி வழிந்து முகமூடிக்குள் தேங்கியிருந்தது. தொட மனம் வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டுதான் முகமூடியைக் கழற்றினேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று இருந்தபோது அண்ணி, "அவரு சத்தத்த ஒருதடவ கேட்டாப் போதும் தம்பி, மனசு ஆறிடும்" என்று அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. பதிவை நான்தான் அண்ணியின் ஃபோனுக்கு அனுப்பினேன். யாரும் கேட்டு வாங்கவில்லை, ஐயா, இதைக் கொஞ்சம் எழுதிக்கொள்ளுங்கள். அன்றே அண்ணி அதை ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவருவார் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் போட்டுக் காட்டியபோதுதான் அதில் பேச்சும் இருப்பது எனக்கே தெரிந்தது. "தம்பி... இது மருந்தில்லடா... வெறும் தண்ணிடா." கொஞ்ச நேரம் விசில். "தம்பி, மருந்து ஊத்துடா." பிறகு என் குரல், கோபமேயில்லாமல்: "பேசாதண்ணே. மூச்ச மட்டும் விடு."

இதைத்தான் கேட்டுக்கொண்டு அத்தனை நாளும் ஆடினேன். வார்த்தைகளை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை, எனக்குத் தேவைப்பட்டது மூச்சு மட்டும். மருந்தைக் கொட்டியது நான்தான், தண்ணீரை ஊற்றியது நான்தான், அவர் செத்தது அதனால்தான் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வேண்டுமென்று கொன்றேன் என்று எழுதாதீர்கள். அவர் என் அண்ணன். வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?