வட்டம் குறையாத தட்டு

எனக்குக் கோணல் பிடிக்காது ஐயா. மஹய்யாவவில் இருக்கும் என் வீட்டில் சுவர்க் காலண்டர் சரிந்திருந்தால்கூட நிமிர்த்திவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன்.

கண்டியில் அந்தத் தனியார் ஆய்வுகூடத்தின் கிருமிப் பகுதிக்குப் பதினான்கு வருஷமாக நான்தான் பெரியவள். சீழில் வளர்த்த கிருமியைத் தட்டில் பூசி, மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை அதன்மேல் வைத்து, மறுநாள் திறந்து பார்ப்போம். கிருமி வளராத இடத்தில் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். நல்ல வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும்.

வில்லைகளைத் தள்ளித் தள்ளி வைப்பது என் பழக்கம். பார்க்க லட்சணமாக இருக்கும். போன தையில் வேலைக்குச் சேர்ந்த சஞ்சீவனி அதில் மூக்கை நுழைத்தாள்.

"அக்கா, இந்த ரெண்டு வில்லையையும் கிட்டக் கிட்ட வைக்கணும். சில கிருமிக்குள்ள ஒரு ஜீன் தூங்கிக்கிட்டு இருக்கும். ஒரு மருந்து பட்டா முழிச்சிக்கும். அப்புறம் பக்கத்து மருந்தும் கேக்காது. தள்ளி வச்சா நமக்கு அது தெரியவே தெரியாது."

எல்லார் முன்னாலும் சொன்னாள். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அவள் சொன்னது சரியென்றால் என் பதினான்கு வருஷமும் கேள்விக்கு வரும்.

பிறகு பன்வில தேயிலைத் தோட்டத்துக் கமலத்தின் சீழ் வந்தது. கொழுந்து பறிக்கிறவள், தொடையில் கட்டி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்பதால் டாக்டர் வேறொரு மருந்தைத்தான் நம்பியிருந்தார். சஞ்சீவனி தன் விதமாகத் தட்டை வைத்துவிட்டு இரண்டு நாள் லீவில் போனாள். காலையில் திறந்தேன். அந்த மருந்தின் வட்டம், பக்கத்து வில்லையைப் பார்த்த பக்கம் மட்டும், கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. ஜீன் உள்ளே இருக்கிறது. மருந்து நாலு நாள் கேட்பதுபோல் காட்டும், அதற்குள் ஜீன் விழித்தே இருக்கும் கிருமிகள் பெருகிவிடும். எனக்கு அது விளங்கியது.

தட்டை நீராவியில் அவித்துக் கொட்டினேன். அதே கிருமியை இன்னொரு தட்டில் பூசி, வில்லைகளை என் வழக்கப்படி தள்ளி வைத்தேன். மறுநாள் அருமையான வட்டம்.

ரிப்போர்ட் வாங்கக் கமலத்தின் புருஷன் அழகர் வந்தார். "மருந்து கேக்குமா மிஸ்? சின்னது இன்னும் பால்குடி மறக்கல."

"கேக்கும். பயப்படாம கொண்டு போங்க."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று அவரே போனில் நன்றி சொன்னார். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. லீவு முடிந்து வந்த சஞ்சீவனி அடுத்த மேசையில் இருந்தாள். அவள் காதில் விழுமே என்று போனை வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் மறுபடி உடம்பு நெருப்பாய்ச் சுட்டதாம். ஒன்பதாம் நாள் கமலம் போய்விட்டாள். விசாரிக்க வந்த நீங்கள், வேறு மருந்து ஆஸ்பத்திரி வார்டிலேயே இருந்தது என்கிறீர்கள். இருந்தது. கேட்காது என்று நான் எழுதியிருந்தால் முதல் நாளே அதை ஏற்றியிருப்பார்கள். பாவம்தான்.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் பொய் எழுதவில்லை. வட்டம் விழுந்தது, அதை அளந்து எழுதினேன். அந்த ஜீனைக் கிருமிக்குள் வைத்தது நான் இல்லை. இரண்டாவது தட்டைக் கமலத்தின் பெயர் ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள், ஒரு மயிரிழை கோணல் இருக்காது.