பெட்டிக்குள் மாப்பிள்ளை

“மாப்பிள்ளை உள்ளே பூட்டிக் கிடக்கான் பாய்! நாளைக்குக் கார்த்தால கடைக்குப் போயாகணுமே!”

ஆண்டாப் ஹில் பேருந்தில், என் முன் இருக்கையில் இப்படிப் புலம்பியவர் மாட்டுங்கா இளைஞர். சிரிப்புப் பாட்டுப் பாடும் ராக் குழுக்காரர். அவர் பக்கத்தில், தாராவியில் சூட்கேஸ் செய்யும் பாய்.

ரயிலில் தூங்கிப்போய்த் தன் கல்யாணத்தையே தவறவிட்ட மாப்பிள்ளையின் கதைதான் குழுவின் புது ‘மாப்பிள்ளை’ இசைத்தட்டு முழுவதுமாம். அதைக் கதையில் வரும் மாப்பிள்ளையின் சூட்கேஸ் போலவே பாய் செய்த சின்னப் பெட்டிகளில் வைத்து, டீலக்ஸ் பதிப்பு என்று விற்கப்போகிறார்களாம்.

“சாவியையும் உள்ளே வச்சு ஏன் மூடினேள்?”

“புதுப் பெட்டியில சாவிய உள்ளதான தம்பி போடுவோம்? மூடுனா தானா பூட்டிக்கிடுற பூட்டுங்கறத மறந்துட்டேன்.”

“எல்லாப் பெட்டியிலயுமா?”

“ஒண்ணு விடாம. மாப்பிள்ளையே கல்யாணத்துக்குப் போகல, தட்டு கடைக்குப் போகலேன்னா என்ன?”

இளைஞரின் முகம் வாடியதும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“பட்டறையில ஒரு சாவி கிடக்கு. வெளிய சொல்லிராத. பெருசோ சிறுசோ, நான் செஞ்ச எந்தப் பெட்டியையும் அது திறந்துரும்.”

இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கம்மா நகையெல்லாம் வச்சுப் பூட்டறது உங்க பெட்டியிலதானே பாய்?”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வரும் போலிருக்கிறது என்றார்.