மாப்பிள்ளை படித்தது போர்ச்சுகலில்

செம்பூரிலா குடியிருக்கிறீர்கள், ஸார்? அப்படியானால் உங்கள் வீட்டிலும் காலையில் காப்பிதான் இருக்கும். காப்பி குடிக்கிற மனுஷரிடம் என் கேஸைச் சொல்வது சுலபம். காலையில் இங்கே இருந்த ஹவல்தார் டீ குடிக்கிறவர் போலிருக்கிறது. நான் சொன்னது அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

என் பெயர் அனந்தகிருஷ்ணன். மாதுங்காவில் ஜாகை. வடாலாவில் சரக்கு ரயில்கள் நிற்கிற யார்டில் ஹெட் கிளார்க். இத்தனை வருஷ சர்வீஸில் ஆபீஸ் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த மிலிட்டரி வாகன், அதுதான் அந்தச் சரக்குப் பெட்டி, அதன் விஷயத்தில் என்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஷண்டிங் பார்க்கிற நயினாரைத்தான் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவன் தாராவிக்காரன், பிள்ளைகுட்டிக்காரன். செய்யாத குற்றத்துக்கு அவன் லாக்கப்பில் உட்கார்ந்திருக்க, நான் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட மனசு ஒப்பவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். இதை முதல் வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம் எங்கள் பஞ்சுவின் படிப்பில் ஆரம்பிக்கிறது. பஞ்சு என் மனைவி அம்மிணியின் தம்பி பிள்ளை. பாலக்காட்டிலிருந்து சின்ன வயதிலேயே வந்து என் வீட்டில் வளர்ந்தவன். என் பெண் நாகலக்ஷ்மிக்கு அவன்தான் என்று இரண்டு பக்கமும் பேச்சு. தங்கமான பையன். ஆனால் இன்டர் சயன்ஸில் அவன் வாங்கின மார்க்குக்கு பம்பாயில் எந்த மெடிகல் காலேஜ் வாட்ச்மேனும் கேட்டைத் திறக்கமாட்டான்.

"பேசாமல் ரயில்வேயிலே சேரட்டுமே. அவன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழறவனாக்கும்" என்றாள் அம்மிணி.

எனக்கும் அது சம்மதம்தான். ஆனால் அதே மாசம் மாடிவீட்டு ஜம்பு தன் பெண்ணுக்கு லண்டன் டாக்டரை நிச்சயம் பண்ணினார். ஜம்பு நல்ல மனுஷர், என் பால்ய சிநேகிதர். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் வாயில் லண்டனைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறபோதுகூட, "பாவம், லண்டன்லே மாப்பிள்ளைக்கு இது கிடைக்காதாம் ஓய்" என்பார். எனக்கு ஏதோ வயிற்றெரிச்சல் என்று எழுதிவிடாதீர்கள். என் கவலையெல்லாம் நாகலக்ஷ்மியின் எதிர்காலம்தான்.

ஆகவே வெளிநாட்டில் சிக்கனமாக டாக்டருக்குப் படிக்க என்ன வழி என்று ஊரெல்லாம் விசாரித்தேன். லண்டன் என்றால் நாங்கள் இருக்கிற கட்டடத்தையே விற்கவேண்டும். கட்டடம் எங்களுடையது இல்லை. ஜெர்மனியில் சம்பளம் குறைவு என்றார்கள். ஆனால் பாஷையைப் படித்து முடிப்பதற்குள் பையனுக்குத் தலை நரைத்துவிடும் என்றும் சொன்னார்கள். ரங்கூன் கப்பல் சார்ஜ் கட்டுப்படியாகும். ஆனால் அம்மிணியின் சித்தப்பா யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர், அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போதென்றால் ரஷ்யா இருக்கிறது, ஸார். படிப்பு இலவசம், கம்பளிக் கோட்டு இலவசம். உங்கள் பையன் பத்தாவதா? மார்க் சுமாரா? கவலைப்படாதீர்கள், ரஷ்யாவைப் பாருங்கள். எங்கள் காலத்தில் அந்த வசதி இன்னும் வரவில்லை.

அப்போதுதான் யார்டில் ஒரு கோவாக்காரர் சொன்னார், அவர்கள் ஊரிலேயே மெடிகல் காலேஜ் இருக்கிறது என்று. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. யோசித்துப் பாருங்கள். கோவா அப்போது யாருடையது? போர்ச்சுகலுடையது. இந்தியா இல்லை, வெளிநாடு. பர்மிட் வேண்டும், எல்லையில் முத்திரை குத்துவார்கள், பாஷை போர்ச்சுகீஸ், பணம் வேறு. அப்பேர்ப்பட்ட வெளிநாட்டுக்குப் பெல்காம் வரை ரயில், அப்புறம் பஸ், கடைசியில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நடை. அவ்வளவுதான். இவ்வளவு மலிவான வெளிநாடு இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் ஜனங்களுக்குத் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன்.

மாதுங்காவில் நான் 'போர்ச்சுகல்' என்றுதான் சொன்னேன். அது பொய் இல்லை. போர்ச்சுகல் சர்க்காரே கோவாவைத் தங்கள் தேசத்து மாகாணம் என்றுதான் உலகம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சர்க்கார் சொல்கிறதை நான் திருப்பிச் சொன்னேன். பஞ்சுவுக்குத்தான் கூச்சம்.

"அத்திம்பேர், கோவான்னே சொல்லிடலாமே. கேக்கறவா லிஸ்பன் எப்படியிருக்குன்னு கேக்கறா. நேக்கு வாயே வரமாட்டேங்கறது" என்றான்.

"குளிர்னு சொல்லு" என்றேன்.

ஒவ்வொரு லீவுக்கும் அவன் வெளிநாட்டு சோப்பு, வெளிநாட்டுக் குடை, வெளிநாட்டு பிளேடு என்று கொண்டுவந்தான். கோவாவில் அதெல்லாம் கொட்டிக் கிடந்தது. கட்டடமே வாயைப் பிளந்தது. ஒரே ஒரு தடவை, மே மாசத்தில், இரண்டு பலாப்பழத்தோடு வந்து இறங்கினான். ஜம்பு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஓய், ஐரோப்பாவிலே சக்கை காய்க்கறதா?" என்று கேட்டார். கப்பல் நடுவில் எங்கேயோ நின்றதாகச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒளிக்கிறவன் இல்லை.

போன டிசம்பர் மாசம் ஆரம்பத்திலிருந்தே பட்டாளத்து ரயில்கள் போய்க்கொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோவாவுக்குள் நம் ராணுவம் பதினாலாம் தேதி நுழைகிறது என்று யார்டில் பேச்சு. பஞ்சுவுக்குப் பட்டம் கொடுக்கிற நாள் பதினாறு, சனிக்கிழமை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராணுவம் முதலில் போய்விட்டால் காலேஜ் இந்தியாவுக்கு வந்துவிடும், பட்டமும் இந்தியப் பட்டம் ஆகிவிடும். பையன் ஐந்து வருஷம் மீன் வாடையில் உட்கார்ந்து படித்த படிப்பு ஒரே ராத்திரியில் லோக்கல் ஆகிவிடும். தையில் கல்யாணம். மாடியில் ஜம்பு.

எனக்குத் தேசபக்தி கிடையாது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நாற்பத்தேழில் கட்டடத்துக்கே மிட்டாய் கொடுத்தவன் நான். போர்ச்சுகல்காரன் போகவேண்டியவன்தான், யார் இல்லையென்றார்கள்? நானூற்றைம்பது வருஷம் பொறுத்த தேசம் சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுக்கக்கூடாதா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் பெண்ணைப் பெற்றவராக இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

பீரங்கி ஏற்றின வண்டிகளை நான் தொடவில்லை. அது ஆபத்து, யாருக்காவது அடிபட்டால் பாவம். நிதானமாகத் தேடினேன். ஒரு வாகன் கிடைத்தது. தேயிலை, சர்க்கரை, டப்பாப் பால், எல்லாம் மிலிட்டரி சரக்கு. பார்த்தவுடனே புரிந்துவிட்டது, சண்டையை நிறுத்துகிற வண்டி இதுதான் என்று. என் வீட்டில் முதல் டிகாக்ஷன் இறங்குகிற வரைக்கும் பால்காரனுக்குக் கதவு திறக்க ஆளிருக்காது. அம்மிணி என்னோடு பேசமாட்டாள். எதிரே வருகிறது அப்பாவா, அத்திம்பேரா என்று யாருக்கும் தெரியாது. நாலு பேர் இருக்கிற வீட்டிலேயே இப்படி என்றால், ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் விடியற்காலையில் டீகூட இல்லாமல் வெறும் வயிற்றோடு எழுந்து என்ன சண்டை போடுவார்கள்? துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் தங்கள் சுபேதாரைத்தான் சுடுவார்கள். எந்த ஜெனரலும் அப்பேர்ப்பட்ட பட்டாளத்தைக் கிளப்பமாட்டான்.

ரயில்வேயில் ஒரு வழக்கம். வாகனில் பழுது கண்டால் பரிசோதகர் அதன்மேல் ஒரு சிவப்பு லேபிள் ஒட்டுவார். 'சிக்' என்போம், வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த லேபிளை எடுக்கிற வரை வைஸ்ராயே வந்தாலும் வண்டி நகராது. பரிசோதகர் மத்தியானம் கண்ணயருகிற நேரத்தில் லேபிள் கட்டு அவர் மேஜையில்தான் கிடக்கும். ஒன்றை எடுத்து அவர் கையெழுத்தை நானே போட்டேன். அவர் போடுவதைவிட நன்றாகவே வந்தது.

நயினார்தான் வண்டியை ஒதுக்கினான். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா, எல்லாம் நல்லாத்தானெ இருக்கு? எதுக்கு சிக்குன்னு ஒட்டுதிய?"

"உள்ளே இருக்கிற கோளாறு வெளியே தெரியுமா, நயினார்?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்யா" என்று உப்பளத்தை ஒட்டின கடைசி லைனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். பாவம், அவன் செய்ததெல்லாம் என்னை நம்பினது ஒன்றுதான்.

பதினாலு வந்தது. ராணுவம் நுழையவில்லை. பதினைந்து வந்தது. நுழையவில்லை. ஆபீஸில் எல்லோரும் ஏன், என்ன, அமெரிக்காவா, ஐ.நா. சபையா என்று பேப்பரை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். காரணம் தெரிந்த நான் என் மேஜையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதினாறாம் தேதி பட்டம். பதினெட்டாம் தேதி பட்டாளம். ஆம் ஸார், இந்திய ராணுவத்தை நாலு நாள் நிறுத்திவைத்தவன் நான்தான். சொல்லவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பால் டப்பாவா? அதற்குத்தான் வருகிறேன். சண்டை முடிந்ததும் லேபிளைப் பிய்த்து வாகனை அனுப்பிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் சண்டையே முடிந்துவிட்ட பிறகு அத்தனை பாலை வைத்துக்கொண்டு பட்டாளம் என்ன செய்யும்? பஞ்சு பட்டத்தோடு வந்துவிட்டான். மார்கழியில் நிச்சயதார்த்தம் கூடாது, விருந்து வைக்கலாம். கட்டடம் முழுக்கப் பாயசம் போட்டேன். ஒரு பெட்டிதான் எடுத்தேன். சரி, நாலு. சர்க்கரை தனி. ஜம்பு மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "என்ன ஓய், இப்படியொரு ருசி?" என்றார். போர்ச்சுகல் பால் என்றேன்.

மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்த கையோடு அவர் பஞ்சுவின் பட்டத்தை வாங்கிப் படித்தார். ஊர்ப் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "பேஷ். அனந்து, உம்ம மாப்பிள்ளை லோக்கல்னு சொல்லவே இல்லையே. பெல்காம் தாண்டினா வந்துடறதே இது. எங்க மாப்பிள்ளைக்குக் கடுதாசி வரவே பத்து நாளாறது, கேட்டேளா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பதினாறாம் தேதி அது வெளிநாடுதான் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். யார் காதில் விழுகிறது? பாயசக்கரண்டி சத்தம்தான் கேட்டது.

அன்று நாகலக்ஷ்மி என்னிடம் வந்தாள். "அப்பா, அவர் கோவாவிலே படிச்சா என்ன, இதோ பக்கத்திலே கோவண்டியிலே படிச்சா என்ன? நேக்கு எல்லாம் ஒண்ணுதான். நீங்க ஏன் அழறேள்?" என்றாள். குழந்தை. அவளுக்காகத்தான் இத்தனையும் என்று அவளுக்கே தெரியவில்லை.

என்ன சொல்கிறீர்கள்? அந்த வாகன் கோவாவுக்குப் போகிறதே இல்லையா? வடக்கே தேவ்லாலி ராணுவ முகாம் கான்டீனுக்கா? இருக்கட்டும் ஸார். தேவ்லாலியில் சிப்பாய் இல்லையா? அங்கே ஒருத்தன் டீ குடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது பெல்காம் வரை பரவாதா? தேதி தள்ளிப்போனதற்கு வேறே காரணங்கள் இருந்தன என்று பெரிய இடத்தில் சொல்வார்கள். அவர்களுக்கு வாகனைப் பற்றி என்ன தெரியும்?

நயினாரை நேற்றே விட்டுவிட்டீர்களா? சந்தோஷம். நல்ல பையன். இல்லை, அதற்காக நான் எழுந்து போகமுடியாது, வாக்குமூலம் பாதியில் நிற்கிறதே.

பால் திருட்டு என்று மட்டும் எழுதி, அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனால் அது வேண்டாம். தேசத்துரோகம் என்றே போடுங்கள். பெரிய கேஸாக இருந்தால்தான் கோர்ட்டு, பேப்பர் எல்லாம் வரும். ஆறு மாசமோ ஆறு வருஷமோ, போய்விட்டு வருகிறேன். கல்யாணத்தை அம்மிணி பார்த்துக்கொள்வாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'குற்றவாளியின் செய்கையால் யுத்தம் நாலு நாள் தாமதமாயிற்று. ஆகவே டாக்டர் பஞ்சு பட்டம் பெற்ற தேதியில் மேற்படி ஊர் போர்ச்சுகலாகவே இருந்தது' என்று ஒரு வரி எழுதி, எனக்கு ஒரு காப்பி கொடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வரிக்குப் பக்கத்தில் சர்க்கார் முத்திரையைக் கொஞ்சம் அழுத்திக் குத்துங்கள், ஸார். ஜம்புவுக்குக் கண் மங்கல்.