அம்ப்ரூஷின் அசூ

— இதுக்குப் பேரு ஒயினா? எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பாட்டில்ல அடைச்ச மாதிரி இருக்கு, போர்பாலா.

— ஃபுர்மிண்ட் திராட்சை அப்படித்தான், பலாஸ்தி ஐயா. முதல்ல புளிக்கும். கொஞ்ச நேரம் வாயிலேயே வச்சிருங்க.

— முப்பது வருஷமா பத்திரிகையில ஒயினைப் பத்தி எழுதுறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா? ருசி பார்த்துட்டுத் துப்புற வாளி எங்க?

— உங்க காலுக்குப் பக்கத்துலதான். இந்த ரொட்டியைத் தின்னுங்க. பன்றிக் கொழுப்பு தடவி வெங்காயம் வச்சிருக்கேன்.

— ம், ரொட்டி பரவாயில்லை. இந்த டோக்காய் பக்கம் வந்தாலே வீட்டுக்கு வீடு பலகை தொங்குது, 'சுவைத்துப் பாருங்கள்'னு. புடாபெஸ்ட்லேர்ந்து பஸ் ஏறி வர்ற கூட்டமும் எதைக் கொடுத்தாலும் தலையாட்டிட்டுப் போகுது. சரி, அடுத்த கண்றாவியை ஊத்து.

— இது இனிப்பு. கொடியிலேயே பூஞ்சணம் பிடிச்சு வத்தின பழத்தை ஒவ்வொண்ணா கையால பொறுக்கி...

— அசூ. தெரியும். ஊத்துன்னா ஊத்து.

— என்னய்யா, அதுக்குள்ள கிளாஸ் காலியா?

— கொஞ்சம் சும்மா இரு. இன்னும் ஊத்து.

— வாளி?

— இதைப் போய் எவனாவது துப்புவானா? தேன், காஞ்ச ஆப்ரிகாட், கடைசியில லேசா ஒரு உப்பு... உண்மையைச் சொல்லு, இது உங்க சரக்கு இல்லை. உங்க ஆளுங்களுக்கு ஏது இந்தக் கைப்பக்குவம்?

— எங்க அப்பா அம்ப்ரூஷ் பண்ணினது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்களே இதைப் பத்தி எழுதியிருக்கீங்க.

— நானா? இருக்காது.

— 'பாத்திரம் கழுவின தண்ணியில சர்க்கரை போட்டது'ன்னு எழுதினீங்க. வாங்கிட்டிருந்த கடைக்காரங்க அந்த வாரமே கையை விரிச்சுட்டாங்க. அடுத்த வசந்தத்துல அப்பா மலைச்சரிவுல இருந்த கொடி அத்தனையையும் வேரோட புடுங்கிட்டார். நீங்க முதல்ல குடிச்சது, அப்புறம் நான் நட்ட கொடியில வந்தது.

— அப்போ அது இளசா இருந்திருக்கும். நாள்பட நாள்பட ஒயின் தேறும், உனக்கு இதுகூடத் தெரியாதா?

— தேறும். பாத்திரம் கழுவின தண்ணி தேறுமா?

— இப்போ... உங்க அப்பா என்ன பண்றார்?

— செங்கல் சூளைக்கு வேலைக்குப் போறார். ஒயினைத் தொடுறதே இல்லை. உங்களை மாதிரி பெரிய மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும், தனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு இன்னும் நம்பிட்டிருக்கார். சூப்புல உப்பு சரியா இருக்கான்னுகூட என்னைத்தான் கேக்கிறார்.

— அவர் நாக்குக்கு ஒண்ணும் ஆகலைம்மா.

— அப்போ உங்க நாக்குக்கா? அந்தப் பெரிய நாக்கு அன்னைக்கு இதுல என்ன குறையைக் கண்டுச்சு? எனக்குச் சொல்ல வேண்டாம், சாயங்காலம் அவர் வருவார், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— அன்னைக்கு என் மேசையில அறுபது பாட்டில் இருந்துச்சு. அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான். போர்பாலா... அவர் பாட்டிலை நான் திறக்கவே இல்லை.